உலகம் தயார், கதை மட்டும் இல்லை

கேள்வி (ஜூன் 2)

எனக்குப் பதினைந்து வயது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு கற்பனை உலகத்தை உருவாக்கிக்கொண்டு இருக்கிறேன். வரைபடம் இருக்கிறது. நான்கு கண்டங்கள், ஒன்பது அரச வம்சங்கள், இரண்டு மதங்கள், சொந்தமாக ஓர் எழுத்துமுறை. எந்தப் போர் எந்த வருடம் நடந்தது என்பதுகூட நோட்டில் இருக்கிறது. ஆனால் முதல் அத்தியாயம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்னும் விவரம் போதவில்லையா? எவ்வளவு சேர்த்தபிறகு எழுத ஆரம்பிக்கலாம்?

ஜூன் 2, இரவு

விவரமெல்லாம் போதும். ஆனால் எல்லாமே அரண்மனை மாடியில் நின்று பார்த்தது. போர், வம்சம், எல்லைக்கோடு. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஒருத்தர் முகமும் தெரியாது. முகம் தெரியாதவரைப் பற்றி முதல் வரி எப்படி வரும்?

நோட்டை மூடி வையுங்கள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள்: உங்கள் உலகத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குக் காலையில் எழுந்ததும் வீட்டில் என்ன வேலை வைப்பார்கள்?

ராஜா இல்லாத உலகம் இருக்கலாம், பள்ளிக்கூடம் இல்லாத உலகமும் இருக்கலாம். பிள்ளைகளை ஏவாத வீடு மட்டும் எந்த உலகத்திலும் இருக்காது. அந்த வேலையைப் பிடித்து இழுத்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதை எரிக்கிறார்கள், வெளியே போனால் எது கடிக்கும், எதற்கு ஊரே பயப்படுகிறது என்பதெல்லாம் பின்னாலேயே வரும். வரைபடத்தை இழுத்தால் இன்னொரு வரைபடம்தான் வரும்.

ஜூன் 3

“என் கதாநாயகன் இளவரசன், அவனுக்கு வேலையே கிடையாது” என்று பதில் வந்திருக்கிறது. எதிர்பார்த்தேன். இளம் எழுத்தாளர்கள் எழுதுவதில் பாதிக் கதைகளில் கதாநாயகன் இளவரசன். மீதிப் பாதியில் தான் இளவரசன் என்று தெரியாத அநாதை.

பரவாயில்லை, கேள்வியைத் திருப்பிப் போடலாம். அவன் செய்யாத வேலையை யார் செய்கிறார்கள்? அவன் குளிக்கிற தண்ணீரை மேலே கொண்டுவருவது யார்? எந்தப் படிக்கட்டு வழியாக? அந்தப் படிக்கட்டில் அவன் கால் வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருப்பார்கள் அல்லவா? என்றைக்காவது ஒருநாள் வைப்பான். முதல் அத்தியாயம் அங்கே இருக்கிறது.

ஜூன் 5

சும்மா உபதேசம் செய்யாமல் ஒன்றைச் செய்து காட்டச் சொல்கிறார்கள். நியாயம்தான்.

ஒரே ஒரு மாற்றம் செய்கிறேன். நம் பூமி, நம் மனிதர்கள், ஆனால் நிலா இப்போது இருக்கும் தூரத்தில் பாதியில் இருக்கிறது. இப்போது சராசரியாக 3,84,000 கிலோமீட்டர். அதை 1,92,000 ஆக்குங்கள். வேறு எதையும் தொடவேண்டாம்.

நிலா இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். பரப்பில் நான்கு மடங்கு, வெளிச்சமும் அதே அளவு கூடும். எல்லோரும் இதை உடனே எழுதிவிடுவார்கள், “பிரம்மாண்டமான நிலா” என்று. பார்க்க அழகு. கதைக்கு அதனால் பெரிய லாபமில்லை.

அடுத்த படிக்குப் போங்கள். கடலை ஏறி இறங்கவைக்கும் நிலாவின் இழுப்பு, அதாவது ஓதவிசை, தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். தூரம் பாதியானால் விசை எட்டு மடங்கு. கரையின் வடிவத்தைப் பொறுத்துக் கூடும் குறையும் என்றாலும், இன்று ஒன்றரை மீட்டர் ஏறி இறங்கும் கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஏறி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மாடி உயரம். கரையோரத்தில் யாரும் தரையில் வீடு கட்ட மாட்டார்கள். உயரமான தூண், அதன்மேல் வீடு, கீழே இறங்க நீளமான படிக்கட்டு. படிக்கட்டில் பாதிக்குமேல் தினமும் கடலுக்குள் மூழ்கி வெளியே வரும்.

கடலில் மூழ்கி எழும் எந்தக் கல்லிலும் பாசி பிடிக்கும், சிப்பி ஒட்டும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் படியில் கால் வைக்க முடியாது. கிழவர்கள் விழுவார்கள். ஆகவே வற்றம் தொடங்கியதும், அதாவது கடல் இறங்க ஆரம்பித்ததும், யாராவது சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். யார்? உடம்பு லேசானவர், முழங்கால் வலிக்காதவர், மறுத்துப் பேச முடியாதவர். பத்து வயதுப் பிள்ளை.

வேலை கிடைத்துவிட்டது. ராஜா பெயர் இன்னும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

எழுதிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேள்வியில் இருக்கும் “காலையில்” என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

நிலா பாதித் தூரத்தில் இருந்தால் வேகமாகச் சுற்றும். இப்போது ஒரு சுற்றுக்கு 27.3 நாள். அங்கே பத்து நாளுக்கும் சற்றுக் குறைவு. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய பத்தே நாள். அதனால் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு நாள் தள்ளிப்போவதும் அதிகமாகும். நம் கடலில் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. அங்கே சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். இன்று விடியலில் வற்றினால், நாளை ஒன்பது மணிவாக்கில். நான்கைந்து நாளில் அந்த வற்றம் மாலைக்குப் போய்விடும்.

அந்த ஊரில் காலைக்கு மரியாதை கிடையாது. வெயில் அடித்தாலும் இருட்டாக இருந்தாலும் மணி அடிக்கும், பிள்ளைகள் எழுந்து இறங்குவார்கள். தூக்கம், சாப்பாடு, பாடம் எல்லாம் கடல் சொல்கிற நேரத்துக்கு. அவர்களுடைய ஒரு “நாள்” நம் கணக்கில் கிட்டத்தட்ட 26 மணி 45 நிமிடம்.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. படி சுரண்டுகிற பிள்ளையின் பின்னால் போனேன், அங்கே இருந்தது.

ஜூன் 6

இடையில் வரைபடம் பற்றிச் சண்டை நடக்கிறது. ஒரு தரப்பு “வரைபடம் வரையாதே” என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881-ல் தன் வளர்ப்பு மகனோடு பொழுதுபோக்காக ஒரு தீவின் படம் வரைந்ததில்தான் ‘புதையல் தீவு’ நாவல் பிறந்தது. படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்தபோது மரங்களுக்கு நடுவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள் என்ற அர்த்தத்தில் அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், கவனியுங்கள். வம்சாவளி எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் படம் பதிப்பாளருக்கு அனுப்பியபோது தொலைந்துபோனது தனிக் கதை. பாவம், தன் கதையையே வரிவரியாகப் படித்து, சொன்ன தூரத்துக்கெல்லாம் பொருந்தும்படி புதிதாக ஒன்று வரைய வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருப்பது இரண்டாவது. முதல் படம்போல அது ஒருபோதும் தனக்குப் படவில்லை என்கிறார். அதே கட்டுரையில் நிலாவைப் பற்றியும் அலுத்துக்கொள்கிறார். வேறொரு கதையில் நிலா விஷயத்தில் தவறிவிட, அதன்பிறகு பஞ்சாங்கம் பக்கத்தில் இல்லாமல் எழுதுவதில்லை என்று முடிவு செய்தாராம்.

ஜூன் 6

வரைபடம் என்றதும் நினைவுக்கு வந்தது. பார்க்கிற வரைபடங்களில் முக்கால்வாசியில் நதி நடுவழியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போகிறது. நதிகள் சேரும். கழிமுகத்துக்கு வந்தபிறகுதான் பிரியும், வேறு இடத்தில் பிரிவது அபூர்வம். ஏரிக்கு உள்ளே எத்தனை ஆறு வேண்டுமானாலும் வரலாம், வெளியே போவது பெரும்பாலும் ஒன்றுதான். மலைத்தொடரின் ஒருபக்கம் காடு என்றால், காற்று தாண்டிப்போகிற மறுபக்கம் காய்ந்து கிடக்கும். மலையைச் சுற்றி நாலாபக்கமும் ஒரே பச்சை பூசாதீர்கள்.

ஜூன் 7

“இதெல்லாம் வெளிநாட்டு மிகைப்புனைவு (ஃபேன்டஸி) எழுதுகிறவர்களின் சமாசாரம், நம்மிடம் இப்படி ஏது” என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

முதற்பொருள்: நிலமும் பொழுதும். கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரிப்பொருள்: அந்த நிலத்துக்குரிய உணர்வு. தொல்காப்பியத்தில் இருக்கும் இந்த வரிசையைவிடக் கச்சிதமான உலகப் பட்டியலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதில் அரசன் இல்லை, தொழில் இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் என்ன பறை கொட்டுவார்கள் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். உங்கள் நான்கு கண்டத்துக்கும் நான்கு பறை இருக்கிறதா?

பாலையைப் பாருங்கள். அது வரைபடத்தில் தனியாக இருக்கும் நிலமே இல்லை. வேனில் வெயில் வாட்டினால் முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். நிலம் மாறினால் தொழில் மாறுகிறது, நேற்று வேட்டையாடியவன் இன்று வழிப்பறி செய்கிறான். பருவத்துக்குப் பருவம் ஆளையே மாற்றிப்போடும் நிலத்தை எத்தனை பேர் கற்பனை செய்திருக்கிறார்கள்?

மூன்றாவதுதான் நான் அதிகம் யோசிப்பது. நிலத்தோடு ஒரு உணர்வையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கடல் நேரத்துக்கு வாழும் என் படிக்கட்டு ஊருக்கு உரிப்பொருள் என்ன? இன்னும் தெரியவில்லை. யோசிக்கிறேன்.

ஜூன் 8

கதையில் மந்திரத்தை எப்படி வைப்பது என்று கேட்டவருக்கு: என்ன செய்ய முடியும் என்ற பட்டியல் வேண்டாம். என்ன செய்ய முடியாது, செய்தால் என்ன போகும், அவ்வளவு போதும். சிறுவர்களுக்குக் கதை படித்துக் காட்டியிருந்தால் தெரியும், ஓட்டையை அவர்கள்போல யாரும் பிடிக்க மாட்டார்கள். நான் எழுதிய ஒன்றில் ஒரு கிழவி விரல் சொடுக்கினால் சோறு வரும். படித்து முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, “அப்போ அந்த ஊர்ல ஏன் ஒருத்தர் பட்டினியா இருக்கார்? பாட்டிக்கு அவரைப் பிடிக்காதா?” என்றாள்.

நான் ஓட்டையை அடைக்கவில்லை. பாட்டிக்கு அவரைப் பிடிக்காது என்றே வைத்துக்கொண்டேன். முன்பு இருந்ததைவிட நல்ல கதையாகிவிட்டது.

ஜூன் 9

பெரிய திருத்தம் ஒன்று வந்திருக்கிறது, இயற்பியல் படிக்கும் ஒருவரிடமிருந்து. என் நிலாவை எடுத்துக்கொண்டு ஒருவர் கதை தொடங்கி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி பேரேற்றம் வரும், அன்று திருவிழா என்று எழுதியிருந்தார். அது நடக்காது என்கிறார் இவர்.

காரணம் இது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் அதிகம் ஏறுவதற்குச் சூரியனின் இழுப்பும் சேர்ந்துகொள்வதுதான் காரணம். இப்போது சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு, அதனால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. நிலாவின் பங்கு எட்டு மடங்கானால் சூரியனுடையது பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பௌர்ணமி ஏற்றத்துக்கும் மற்ற நாள் ஏற்றத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

மாற்று வழியும் அவரே தந்திருக்கிறார். நிலாவின் பாதை சரியான வட்டமில்லை. நம் நிலாவே ஏறக்குறைய 3,63,000-க்கும் 4,05,000-க்கும் இடையே கிட்டவும் எட்டவும் போய் வருகிறது. அதே விகிதத்தில் அந்த நிலாவும் போய் வந்தால், கிட்டே வரும் நாளின் இழுப்பு எட்டப்போகும் நாளைவிட ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதிகம். பேரேற்றம் உண்டு. ஆனால் அது பௌர்ணமியில்தான் வரும் என்று சொல்ல முடியாது. நிலா தேய்பிறையாக இருக்கும்போதும் வரலாம்.

எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது. வானத்தைப் பார்த்துப் பேரேற்ற நாளைச் சொல்ல முடியாதென்றால் கணக்குப் போட ஒருத்தர் வேண்டும். அவர் கணக்குத் தப்பினால் கீழ்மாடி போய்விடும். ஊரில் அவருக்கு எவ்வளவு மரியாதை இருக்கும், ஒருமுறை தப்பினால் அவர் பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் என்ன பாடு படுத்துவார்கள்!

ஜூன் 9

இத்தனை கணக்கு வேண்டுமா என்று யாரோ கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். கட்டாயமில்லை. பத்து மடங்கு உயரமான பூதத்தின் எடை ஆயிரம் மடங்கு, எலும்பின் குறுக்குவெட்டு நூறு மடங்குதான், நின்றாலே கால் முறியும். கலீலியோ 1638-லேயே இந்தக் கணக்கை விளக்கிவிட்டார். அதற்காகப் பூதக்கதைகள் நின்றுபோகவில்லை. பூதம் நடக்கட்டும். ஆனால் அது நடந்தால் தரை என்ன ஆகும், ஊர் வழியாகப் போக அனுமதி உண்டா, அதற்கென்று தனிப்பாதை யார் போட்டது என்று கேளுங்கள். விதியை மீறியதற்குப் பிறகு வரும் நாலு படிகளில் ஏமாற்றாமல் இருந்தால் போதும்.

ஜூன் 10

சிரிப்புக்காக: ஒருவர் உலகத்தில் வருடத்துக்கு 600 நாள். கதாநாயகிக்குப் பன்னிரண்டு வயது. நம் கணக்கில் அவளுக்கு இருபது ஆகப்போகிறது. பல் விழுந்து முளைக்கும் காட்சியை எடுத்துவிடச் சொன்னேன்.

ஜூன் 11

உரிப்பொருள் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

படிக்கட்டு ஊருக்குப் பின்னால் மலை இருக்கும். மலையில் இருப்பவர்களுக்குக் கடலைப் பற்றிக் கவலையில்லை. நம்மைப்போல வெயிலில் விழிப்பார்கள், இருட்டில் தூங்குவார்கள். கரையில் ஒரு பிள்ளை, மலையில் ஒரு பிள்ளை, இருவரும் சிநேகிதர்கள். இவள் நாள் 26 மணி 45 நிமிடம், அவன் நாள் 24 மணி. இன்று இருவரும் ஒன்றாக விழித்திருந்தால் அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போவார்கள். ஐந்தாவது நாள் இவள் எழும்போது அவன் படுப்பான். பிறகு மறுபடி நெருங்கி, ஒரு நாள் முழுதும் பொருந்தும். அந்த இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே உள்ள அதே பத்து நாள்.

அதாவது, நிலா உச்சிக்கு வரும் ஏற்றத்தின்போது கரைக்காரர்கள் தூங்குவார்கள் என்று வைத்தால், பௌர்ணமியன்று நிலா நள்ளிரவில் உச்சியில் இருக்கும், கரையும் மலையும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் விழிக்கும். ஜூன் 9-ல் நாம் பிடுங்கிய திருவிழாவைத் திரும்பக் கொடுத்துவிடலாம். அன்று கடல் பெரிதாக ஏறாது. இரண்டு ஊர்களும் ஒன்றாக விழித்திருக்கும் நாள் அது. சந்தை, கல்யாணப் பேச்சு, பஞ்சாயத்து எல்லாம் அன்றைக்குத்தான் நடந்தாக வேண்டும்.

மற்ற நாட்களில் மலைக்காரர்கள் கரைக்காரர்களைப் பட்டப்பகலில் குறட்டை விடும் சோம்பேறிகள் என்பார்கள். இவர்கள் அவர்களை என்ன சொல்வார்கள் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

ஜூன் 12

“சரி, இதையெல்லாம் கதைக்குள் எங்கே சொல்வது?” சொல்ல வேண்டாம். இரண்டு மாதிரி தருகிறேன்.

முதலாவது: “அந்த உலகத்தில் நிலா மிக அருகில் இருந்ததால் கடல் பல மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும். எனவே மக்கள் உயரமான தூண்களின்மேல் வீடு கட்டி, கடலின் நேரப்படி வாழ்ந்துவந்தனர்.”

இரண்டாவது: “மணி அடித்தபோது வெளியே கும்மிருட்டு. தேனு சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பத்துப் படிவரை காய்ந்திருந்தது. பதினொன்றில் கால் வைத்ததும் வழுக்கி, கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். ‘நேற்று யார் முறை?’ என்று மேலே பார்த்துக் கத்தினாள். பதில் வரவில்லை. தூங்குகிறவன் குறட்டையும் தூங்குவதுபோல நடிக்கிறவன் குறட்டையும் அவளுக்குத் தெரியும்.”

இரண்டாவதில் நிலாவே இல்லை, மூன்று பக்கம் கழித்து வரட்டும். படிக்கிற பிள்ளை “ஏன் படி வழுக்குது? ஏன் ராத்திரியில மணி அடிக்குது?” என்று கேட்டுக்கொண்டே வரும். அந்த இரண்டு கேள்வியை உயிரோடு வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. முதல் மாதிரி இரண்டையும் கொன்றுவிட்டது.

ஜூன் 13

பெயர் வைப்பதைப் பற்றி ஒரே ஒரு முறையீடு. கெட்டவர்களுக்கெல்லாம் ஸ், ஜ், க்ஷ் போட்டுப் பெயர் வைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா? ‘க்ஷார்ஜாக்ஸ்’ என்று ஒருவன் உள்ளே வந்ததுமே கடைசி அத்தியாயம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. குழந்தை பிறந்ததும் அவன் அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சியிருப்பாள் என்பதை நம்ப முடியவில்லை.

ஜூன் 15

இரண்டு தோழிகள் சேர்ந்து ஓர் உலகம் செய்கிறார்களாம். ஒருத்தி செல்லமாக வளர்த்த படைத்தலைவனை மற்றவள் போன வாரம் கொன்றுவிட்டாள். பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

உங்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1826-ல் இங்கிலாந்தில் பிரான்டே வீட்டில் மகனுக்கு அப்பா ஒரு பெட்டி மரப்பொம்மை வீரர்களை வாங்கிவந்தார். அவனும், பின்னாளில் நாவலாசிரியைகளான சார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று சகோதரிகளும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயர் வைத்து, அதிலிருந்து ஒரு நாட்டையே கட்டினார்கள். மூத்தவளுக்கு அப்போது பத்து வயதுதான். பொம்மைகள் படிக்கிற அளவுக்குக் குட்டிக் குட்டிப் புத்தகங்கள்கூட எழுதினார்கள், உள்ளங்கைக்குள் அடங்குபவை, எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. அவர்கள் விளையாட்டில் நான்கு பேரும் நான்கு பூதங்கள், செத்த வீரனை எழுப்பும் சக்தி அவர்களுக்கு உண்டு. சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல சட்டம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியும் காலப்போக்கில் பிரிந்தார்கள். சார்லட்டும் தம்பியும் ஒரு நாட்டை வைத்துக்கொண்டார்கள், எமிலியும் ஆனும் தனியாக இன்னொன்றைத் தொடங்கினார்கள், வளர்ந்தபிறகும் விடவில்லை. அந்த இரண்டாவது நாட்டின் உரைநடைக் கதைகள் ஒன்றும் மிஞ்சவில்லை, கவிதைகள்தான் கிடைத்திருக்கின்றன.

ஆகவே தோழிகளே: கதையாக எழுதி ஒருவருக்கொருவர் படித்துக் காட்டியது சட்டம், நோட்டில் கிறுக்கியது சட்டமில்லை. படைத்தலைவன் செத்த காட்சியை அவள் உங்களுக்குப் படித்துக் காட்டினாளா, சும்மா வாயால் சொன்னாளா? வாயால்தான் என்றால் அவன் பிழைத்துக்கொள்ளலாம், காலில் மட்டும் ஒரு காயம் இருக்கட்டும். படித்துக் காட்டிவிட்டாள் என்றால் அவன் செத்தவன்தான். அவன் குதிரைக்கு இனி யார் புல் போடுவது என்று அடுத்த அத்தியாயத்தை நீங்கள் எழுதுங்கள்.